ஒட்டாத தரை

ஜனவரி 8

தம்பிக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீயும் அம்மாவும் நலமா என்று கேட்கப் போவதில்லை. கேட்டால் "நல்லா இருக்கோம்" என்பாய். அம்மா விழுந்து இடுப்பில் அடிபட்ட அன்றைக்கும் அப்படித்தான் மெசேஜ் அனுப்பினாய். விழுந்த கதையை எதிர்வீட்டு டீச்சர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

கடிதம் எதற்கு என்று யோசிப்பாய். போன் பண்ணினால் அம்மாதான் எடுக்கிறாள். "அவன் குளிக்கறான்மா" என்கிறாள். காலையில் குளிக்கிறாய், மத்தியானம் குளிக்கிறாய், சாயங்காலமும் குளிக்கிறாய். நீ என்ன மீனா? ஊரில் இருக்கிற போனையெல்லாம் பிரித்து ரிப்பேர் பண்ணுகிறவன், அக்கா போனை மட்டும் எடுக்க மாட்டான். மெசேஜில் கேட்கலாம்தான். கேட்டால் அழித்துவிட்டு, "நான் எப்போ அப்படிச் சொன்னேன்?" என்பாய். காகிதம் என்றால் என் கையில் இருக்கும்.

விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் அதிசயமாக நீயே போனில் அகப்பட்டாய். அம்மா அறையிலும் உன் அறையிலும் டைல்ஸ் மேலேயே மூங்கில் தரை போடப் போகிறேன் என்றாய். எனக்குச் சுருக்கென்றது. "எதுக்குடா திடீர்னு? வீட்டை விக்கப் போறியா?" என்று கேட்டேன். நீ என்ன சொன்னாய் தெரியுமா? "ஆமாக்கா, இன்னிக்கே முடிச்சிடறேன்" என்றாய். அதுவும் சிரித்துக்கொண்டே. அதற்குமேல் நான் கேட்பதற்குள் வைத்துவிட்டாய்.

அப்பா போன பிறகு நாம் இரண்டு பேரும் அம்மா முன்னால் பேசியது என்ன? வீட்டில் ஓர் ஆணி அடிப்பதானாலும் ஒருவருக்கொருவர் சொல்லிவிட்டுத்தான் என்று பேசினோம். நீ கடையை மூடிவிட்டு வீட்டிலேயே மேஜை போட்டு உட்கார்ந்ததை எனக்குச் சொல்லவில்லை. அம்மா விழுந்ததைச் சொல்லவில்லை. இப்போது தரையை மாற்றுகிறாய். விற்கப் போகிற வீட்டுக்குத்தான் ஜனங்கள் தரையை மாற்றுவார்கள்.

இன்னொன்று. முன்பெல்லாம் என்னை "யானை" என்றுதான் கூப்பிடுவாய். நான் மாடிப்படி இறங்கினால் அலமாரியில் தட்டெல்லாம் ஆடும் என்று கேலி பண்ணுவாய். இப்போது "அக்கா, அக்கா" என்று ஒரே மரியாதை. உன்னிடம் மரியாதையைப் பார்த்தால் எனக்குச் சந்தேகம்தான் வருகிறது.

பதில் எழுது. குளித்து முடித்த பிறகு.

அக்கா

---

ஜனவரி 14

அக்காவுக்கு,

வீட்டை விற்கிறேன் என்று நான் சொல்லவே இல்லை. நீ ஏதோ தப்பாகக் கேட்டிருக்கிறாய். உனக்குக் காது சரியில்லை.

தரையை மாற்றக் காரணம், டைல்ஸ் வழுக்குகிறது. அம்மா அதில்தான் விழுந்தாள். மூங்கில் அவ்வளவு சில்லென்றும் இருக்காது, வழுக்கவும் வழுக்காது. இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது?

தரை போடுகிறவர் வந்து பார்த்தார். அம்மா அவரைத் தரைக்காரர் என்றுதான் கூப்பிடுகிறாள், அவரும் ஏன் என்று கேட்பதில்லை. மூன்று விதமாகப் போடலாமாம். ஆணி அடிப்பது ஒன்று. டைல்ஸில் ஆணி இறங்காது, அதனால் முதலில் பிளைவுட் போட்டு அதன்மேல் அடிக்க வேண்டும். தரை உயர்ந்துவிடும், கதவையெல்லாம் அடியில் இழைக்க வேண்டும். இரண்டாவது, பசை தடவி டைல்ஸ் மேலேயே ஒட்டிவிடுவது. மூன்றாவது, எதிலும் ஒட்டாமல் பலகையைப் பலகையோடு கோத்துக்கொண்டே போவது. தரை தனியாக, பலகை தனியாக. மிதக்கிற தரை என்று பெயர். ஈரம் ஏறாமல் அடியில் ஒரு பிளாஸ்டிக் ஷீட். சுவர் ஓரத்தில் விரல் நுழையும் அளவு இடம் விட வேண்டும், மூங்கில் மழைக்காலத்தில் ஊதுமாம்.

நான் மிதக்கிற தரையே போதும் என்று நினைக்கிறேன். அறைக்கும் அறைக்கும் நடுவே வாசலில் ஓர் உலோகப் பட்டை வைத்துப் பிரிக்க வேண்டும் என்கிறார். வேண்டாம், இரண்டு அறையும் ஒரே தரையாக ஓடட்டும் என்று சொல்லியிருக்கிறேன். சின்ன வீடுதானே, ஓரத்தில் இடம் விட்டால் சமாளிக்கலாம் என்று அரை மனதாக ஒப்புக்கொண்டார்.

பலகைப் பெட்டிகள் வந்துவிட்டன. உடனே போடக் கூடாதாம். அறையிலேயே பிரித்துப் போட்டு, வீட்டுக் காற்றுக்குப் பழக விட வேண்டுமாம். இப்போதைக்கு அம்மா கட்டிலுக்குப் பக்கத்தில் பழகிக்கொண்டிருக்கின்றன.

தம்பி

---

ஜனவரி 21

தம்பிக்கு,

எனக்குக் காது சரியில்லையா! உன் அத்தான் அடுத்த அறையில் முணுமுணுப்பது எனக்குக் கேட்கும், அதனால்தான் அந்த மனிதர் முணுமுணுப்பதையே விட்டுவிட்டார். நீ சொன்னதைச் சொல்லவில்லை என்று சாதிக்கிறாய். காகிதத்தில் எழுதினது எவ்வளவு நல்லதாகப் போயிற்று பார்.

இங்கே எங்கள் மேல்மாடிக்காரர்கள் வீட்டில் மூங்கில் தரைதான். போய் விசாரித்தேன். பிடி பிடி என்று பிடித்துக்கொண்டார்கள். அவர்களும் ஒட்டாமல் போட்டவர்கள். நடந்தால் டொக்கு டொக்கு என்று சத்தமாம், ஒருவர் எழுந்தால் அடுத்தவர் காலடியில் தரை அதிருமாம். சத்தம் தாங்காமல் எல்லாவற்றையும் கழற்றி, அடியில் தடிமனாக ஒரு விரிப்பு விரித்து மறுபடியும் போட்டார்களாம். கழற்ற ஒரே நாள்தான் ஆயிற்றாம். கேட்டாயா? ஒரே நாள்.

அதுதானே விஷயம்? ஒட்டினால் ஒட்டினதுதான், அந்த வீட்டோடு கிடக்கும். ஒட்டாவிட்டால் பாயைச் சுருட்டுகிற மாதிரி சுருட்டிக்கொண்டு கிளம்பிவிடலாம். நிரந்தரமாக இருக்க நினைக்கிறவன் எவனாவது மிதக்கிற தரை போடுவானா? வீட்டோடும் ஒட்டு வேண்டாம், அக்காவோடும் ஒட்டு வேண்டாம். அப்படித்தானே?

அந்த வாசல் பட்டையையும் யோசித்தேன். போடுகிறவரே வைக்கச் சொல்கிறார், நீ எதற்கு வேண்டாம் என்கிறாய்? இரண்டு அறையும் ஒரே தரையாகிவிட்டால் நடுச்சுவரை எடுப்பது சுலபம். அம்மா அறை உன் கடையாகிவிடும். அம்மா எங்கே போவாள், ஹாலுக்கா?

நான் சொல்வதைக் கேள். பசை போட்டு ஒட்டு. பட்டையை வை. அடியில் சத்தம் வராமல் என்ன விரிக்க வேண்டுமோ விரி. அம்மாவுக்குத் தூக்கமே கொஞ்சம். அதையும் டொக்கு டொக்கென்று கெடுக்காதே.

அக்கா

---

ஜனவரி 27

அக்காவுக்கு,

ஒட்ட மாட்டேன். பட்டை வைக்க மாட்டேன். விரிப்பும் விரிக்க மாட்டேன்.

சத்தம் ஒரு பிரச்சினையே இல்லை. அம்மாவைக் கேட்டுவிட்டேன், அவளுக்குச் சம்மதம். நடுச்சுவரை யாரும் எடுக்கவில்லை. உன் கற்பனைக்கு ஓர் எல்லை வேண்டாமா?

எனக்கும் சில சந்தேகங்கள் இருக்கின்றன. எதிர்வீட்டு டீச்சர் வாரத்துக்கு ஒரு தடவை சர்க்கரை கேட்டு வருகிறார். அவருக்குச் சர்க்கரை வியாதி. சர்க்கரையை வாங்கிக்கொண்டு வீட்டைச் சுற்றி ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போகிறார். அந்தப் பார்வை எந்த ஊருக்குப் போகிறது என்று எனக்குத் தெரியாதா? அம்மாவை உன் வீட்டுக்கு அனுப்பு, அனுப்பு என்று நீ சொல்ல ஆரம்பித்ததே, நீ மறுபடி வேலைக்குப் போக ஆரம்பித்த பிறகுதான். உன் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். அதை நேராகச் சொல்லலாம். அம்மா மேல் பாசம் பொங்குகிற மாதிரி எழுத வேண்டாம்.

அம்மா இங்கேதான் இருப்பாள்.

தம்பி

---

பிப்ரவரி 4

தம்பிக்கு,

உன் கடிதத்தை உன் அத்தானிடம் காட்டவில்லை. காட்டியிருந்தால் உன் வீட்டுப் பக்கமே வந்திருக்க மாட்டார். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்றா நினைத்தாய்? அம்மா வந்தால் அவளைப் பார்த்துக்கொள்ளத்தான் நான் இன்னோர் ஆள் தேட வேண்டும். அதுகூடத் தெரியாமல் இருக்கிறாயே. அன்று முழுக்க அழுதேன். எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன், எழுதிவிட்டேன்.

சொல்ல வந்தது அதுவல்ல. வேலை விஷயமாக அந்தப் பக்கம் வந்த அத்தான், ஒரு நடை உங்களைப் பார்த்துவிட்டு வரலாம் என்று வந்தார். பெல் அடித்தார். அடித்துக்கொண்டே இருந்தார். யாரும் திறக்கவில்லை. தெருப்பக்க ஜன்னல் வழியாகப் பார்த்தார். பார்த்ததை அப்படியே எழுதுகிறேன், இல்லை என்று சொல்ல முடியுமா பார்.

நீ ஜன்னலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு, அம்மா அறைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். கண்ணை மூடிக்கொண்டு, செருப்பில்லாமல் காலைப் பப்பரப்பென்று பரப்பிக்கொண்டு. உன் பின்னால் அம்மா வாக்கரைப் பிடித்துக்கொண்டு தள்ளாடித் தள்ளாடி நடக்கிறாள். அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும். பிடிக்க ஆளில்லை. நீ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நடுவில் கையை மட்டும் தூக்கிக் காட்டினாயாம், போ போ என்று மாட்டை விரட்டுகிற மாதிரி.

அத்தான் திரும்பி வந்து சாப்பிடக்கூட இல்லை. "உன் தம்பியா அது? பெல் சத்தம் கேட்டும் கேக்காத மாதிரி உக்காந்திருக்கான்" என்றார். என் பிறந்த வீட்டைப் பற்றி அவர் ஒரு வார்த்தை தப்பாகச் சொன்னால் நான் சும்மா இருக்க மாட்டேன். அன்றைக்குச் சும்மா இருந்தேன்.

அம்மாவைப் போனில் கேட்டேன். "அவன் நல்லவன்மா, நீ கெளம்பி வந்துடாதே" என்கிறாள். ஏன் வரக் கூடாது? என்னத்தை மறைக்கிறீர்கள் இரண்டு பேரும்? இல்லை, நீ பக்கத்தில் நின்று அப்படிச் சொல்ல வைக்கிறாயா?

வண்டி சொல்லிவிட்டேன். வருகிற பதினைந்தாம் தேதி வருகிறேன். அம்மாவையும் அவள் கட்டிலையும் ஏற்றிக்கொண்டு வந்துவிடுவேன். அதற்குப் பிறகு நீ தரையை ஒட்டு, மிதக்க விடு, பறக்க விடு. எனக்கென்ன!

அக்கா

---

பிப்ரவரி 7

அக்கா,

அத்தான் பார்த்தது எல்லாம் உண்மை. ஒன்றைத் தவிர. கேட்டும் கேட்காத மாதிரி நான் உட்கார்ந்திருக்கவில்லை. எனக்குக் கேட்கவில்லை.

எனக்குக் காது போய்விட்டது அக்கா. இடது காது போன வருஷமே போயிற்று. வலதில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. அதுவும் இந்தக் குளிர் காலத்தில் போயிற்று. டாக்டர் மெஷின் கொடுத்தார். மாட்டினால் இரைச்சல்தான் வருகிறது, வார்த்தை வரவில்லை. போன் ரிப்பேர் பண்ணுகிறவன் ஸ்பீக்கர் வேலை செய்கிறதா என்று கேட்டுப் பார்த்துத்தானே கொடுக்க வேண்டும்? செத்துப்போன ஸ்பீக்கரைச் சரியாகிவிட்டது என்று கொடுத்து அனுப்பியிருக்கிறேன். ஜனங்கள் திரும்பி வந்து கத்தினார்கள். அவர்கள் கத்தினதும் கேட்கவில்லை. கடையை மூடினேன். இப்போது ஸ்கிரீன், பேட்டரி மட்டும்.

"அவன் குளிக்கறான்" என்று சொல்லச் சொன்னது நான். வேறு ஏதாவது சொல்லும்மா என்றால் அவளுக்கு வேறு பொய் வரவில்லை.

அன்றைக்குப் போனில் நீ என்ன கேட்டாய் என்று உன் முதல் கடிதத்தைப் படித்த பிறகுதான் எனக்குத் தெரியும். வீட்டை விக்கப் போறியா என்று கேட்டிருக்கிறாய். என் காதில் விழுந்தது, "வீட்டைப் பெருக்கப் போறியா?" தரை போடுவதற்கு முன்னால் பெருக்கச் சொல்கிறாய் என்று நினைத்தேன். அதுதான், "ஆமாக்கா, இன்னிக்கே முடிச்சிடறேன்." பெருக்கவும் பெருக்கினேன். பிறகு உனக்குக் காது சரியில்லை என்று எழுதினேன். எழுதிவிட்டு அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். கிழித்திருக்க வேண்டும்.

அம்மா விழுந்தபோது நான் என் மேஜையில்தான் இருந்தேன். அவள் அறையில் விழுந்தாள், கூப்பிட்டாள், டம்ளரால் தரையைத் தட்டினாள். நடுவில் ஒரு வாசல்தான். நான் முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு பேட்டரியை மாற்றிக்கொண்டிருந்தேன். டீ போட எழுந்தபோதுதான் பார்த்தேன். என்னைப் பார்த்ததும் அவள், "இப்பத்தான்டா விழுந்தேன்" என்றாள். அவளுக்கு அந்தப் பொய்யும் வரவில்லை. கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கட்டி, பக்கத்தில் போயும் குரல் எனக்கு எட்டவில்லை, உதட்டைப் பார்த்துத்தான் படித்தேன்.

பெல் வைக்கக் கூடாதா என்று கேட்பாய். வைத்தேன். அமுக்கினால் என் பாக்கெட்டில் அதிர்கிற மாதிரி நானே ஒன்று செய்து, கயிறு கட்டிக் கழுத்தில் போட்டுக்கொள்ளச் சொன்னேன். "நான் என்ன மாடா, கழுத்துல மணி கட்டிக்க?" என்றாள். போட்டுக்கொண்டாள், கழற்றித் தலையணைக்கடியில் வைத்தாள், மறந்தாள். விழுந்தபோதும் அது கட்டில் மேல்தான் கிடந்தது. அவளால் கழற்றி வைக்க முடியாத ஒன்று வேண்டும் என்று யோசித்தேன். எங்கே போனாலும் தரை மேல்தானே போக வேண்டும்?

அத்தான் வந்தது அதைச் சோதித்துக்கொண்டிருந்த நாள். தரைக்காரரைக் கெஞ்சி, அம்மா கட்டிலிலிருந்து என் நாற்காலி வரை மூன்று வரிசை போட வைத்தேன். ஒன்று பசையில் ஒட்டினது, ஒன்று பிளைவுட் மேல் ஆணி அடித்தது, ஒன்று ஒட்டாமல் கோத்தது. இப்படி ஒருத்தரை நான் பார்த்ததில்லை என்று முகத்திலேயே எழுதி ஒட்டிக்கொண்டு அவர் டீ குடிக்கப் போனார். நான் ஒவ்வொரு வரிசையிலும் வெறுங்காலை வைத்து, கண்ணை மூடி, முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். அம்மா எழுந்து நடக்க வேண்டும், காலில் அதிர்வு தெரிந்தால் நான் கையைத் தூக்க வேண்டும். ஒட்டினதில் ஒன்றுமே தெரியவில்லை. கல் மேல் கால் வைத்த மாதிரி. ஆணி அடித்ததில் கொஞ்சம் தெரிந்தது, ஆனால் என் மனப்பிரமையாகவும் இருக்கலாம். மூன்றாவதில் அவள் கட்டிலை விட்டு எழுந்ததுமே என் உள்ளங்காலில் வந்துவிட்டது. வாக்கர் தனியாக, அவள் கால் தனியாக. கையைத் தூக்கினேன். அதைத்தான் அத்தான் பார்த்தார். திரும்பிப் பார்த்தால் அம்மா சிரித்துக்கொண்டு நிற்கிறாள். "புடிச்சிட்டான்" என்கிறாள்.

அப்போதுதான் பெல் அடிக்கிறது என்று கதவைக் காட்டினாள். நடுவில் சொன்னால் சோதனை கெட்டுவிடும் என்று அதுவரை நடந்துகொண்டே இருந்தாளாம். நான் போய்த் திறப்பதற்குள் அத்தான் போய்விட்டிருந்தார்.

உன் மேல்மாடிக்காரர்கள் எதற்காகக் கழற்றினார்களோ, எனக்கு அதுதான் வேண்டும். வாசலில் பட்டை வைத்தால் அதிர்வு அங்கேயே நின்றுவிடும், விரிப்பு விரித்தால் செத்துவிடும். அதனால்தான் வேண்டாம் என்றேன்.

உன்னிடம் சொல்லாததற்குக் காரணம் ஒன்றுதான். சொன்னால் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய்விடுவாய். நியாயமும் அதுதான். காது கேட்காதவனிடம் விழுகிற அம்மாவை யார் விட்டுவைப்பார்கள்? தரையைப் போட்டு முடித்து, அவள் எழுந்தால் எனக்குத் தெரிகிறது என்று ருசுப்படுத்திவிட்டுச் சொல்லலாம் என்றிருந்தேன். பயமாக இருக்கிறது அக்கா. இந்த ஊரில் இப்போது எனக்குப் புரிகிற மாதிரி பேசுகிறவள் அவள் ஒருத்திதான். அவள் உதடு மட்டும்தான் எனக்குப் படிக்க வருகிறது.

பிள்ளைகளைப் பற்றி எழுதியது தப்பு. பதினைந்தாம் தேதி வா. பார்த்துவிட்டு நீயே முடிவு சொல். தரைக்காரரை அதுவரை நிறுத்தி வைத்திருக்கிறேன்.

தம்பி

---

பிப்ரவரி 11

டேய்,

உன் கடிதத்தை அத்தானை வைத்துக்கொண்டே படித்தேன். பாதியில் காகிதத்தை அவரிடம் கொடுத்துவிட்டேன், மீதியை அவர் படித்தார். "பெருக்கப் போறியா" வந்த இடத்தில் இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். சிரித்துவிட்டு நான் அழுதேன், அவர் எழுந்துபோய் குழாயைத் திறந்துவிட்டு முகம் கழுவினார். மறுபடியும் பெல் அடித்துப் பார்த்திருக்கலாமே என்று அப்போதிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறார்.

உன் மேல் எனக்குக் கோபம் போகவில்லை. ஒரு வருஷம்! காது போனதை அக்காவிடம் மறைப்பானா ஒருவன்? நான் கத்துகிற கத்தலுக்கு உனக்குக் கேட்டிருக்கும்டா, போனை எடுத்துப் பார்த்திருக்கலாம். அம்மாவுக்குத் தனியாக இருக்கிறது. இனி "குளிக்கறான்" என்று சொன்னால் நானே வந்து தண்ணீர் ஊற்றுவேன் என்று சொல்.

டீச்சர் உளவு பார்த்தது உண்மைதான். நான்தான் அனுப்பினேன். சர்க்கரை யோசனை அவருடையது.

வண்டி வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அம்மா உன்னோடுதான் இருப்பாள். நான் மட்டும் வருகிறேன், ஒரு பெட்டியோடு. மூங்கில் பலகைக்கே பழக நாள் வேண்டுமென்றால் எனக்கு வேண்டாமா? உன் கண்ணுக்கு எதிரே உட்கார்ந்து மெதுவாகப் பேசிக்கொண்டே இருக்கிறேன், என் உதட்டையும் படிக்கக் கற்றுக்கொள். எல்லோரும் உன் அக்கா வாயாடி என்பார்கள், உனக்குப் பாடம் நிறையக் கிடைக்கும்.

தரை விஷயத்தில் என் முடிவைக் கேட்டாய். ஒட்டாதே. பட்டை வைக்காதே. அடியில் பிளாஸ்டிக் ஷீட்டுக்கு மேல் ஒரு துணிகூட விரிக்காதே. மழைக்காலத்தில் ஊதினால் அப்போது பார்த்துக்கொள்ளலாம், மறுபடி கோக்க ஒரே நாள்தானே ஆகும்.

ஆனால் இரண்டு அறையோடு நிறுத்தாதே. ஹாலுக்கும் பலகை வாங்கு. உன் நாற்காலியிலிருந்து தெருக்கதவு வரை ஒரே தரையாகக் கொண்டுவரச் சொல். புதுப் பலகை பழக நாள் ஆகுமே, நான் பதினைந்தை விட்டுவிட்டு மாசக் கடைசியில்தான் வருகிறேன், அதற்குள் முடித்துவிடு. தரைக்காரரைக் கெஞ்சு, அதுதான் உனக்கு நன்றாக வருகிறதே.

நான் பெல் அடிக்க மாட்டேன். கதவைத் தாழ் போடாமல் வை. நீ முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திரு. உள்ளே ஒரு கால் வைப்பேன். யாரென்று தெரிந்தால் கையைத் தூக்கு.

யானை